கெளுத்தி முள்ளா, பாம்புக் கடியா? விசைப்படகில் புதிதாக ஏறுகிறவர்களுக்கு

கிழக்குக் கரையில் 61 நாள் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி முடிகிறது. மறுநாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகும்போது ஒவ்வொரு துறையிலும் புதுக் கைகள் சில ஏறியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன், கட்டட வேலையை விட்டுவிட்டு வந்தவர், வெளிமாநிலத்துக்காரர். என்னைப் போல நோட்டும் அளவுகோலுமாக ஏறுகிற ஆட்களும் உண்டு. வலை இழுக்கவும் மீனைத் தரம் பிரிக்கவும் படகில் இருப்பவர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கடல் பாம்பைப் பற்றி மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது பழகிப்போனது. வாலைப் பிடித்து வீசிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் வேலை சங்காயம் கிளறுவது. நல்ல மீனும் இறாலும் நண்டும் பெட்டிக்குப் போன பிறகு மிஞ்சுகிற குவியலில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று எண்ணி, அளந்து எழுத வேண்டும். பாக் விரிகுடாப் பக்கம் முதன்முதலாக ஒரு குவியலுக்குள் கையை விடப் போனபோது, பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார். "தம்பி, கையை உள்ள விடாத. மொதல்ல பலகையால கலைச்சு விடு." கலைத்தேன். கெளுத்திகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒன்று மெதுவாகச் சுருண்டது. அவர் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கெளுத்தி இருக்கிற எடத்துல அதுவும் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பல வருடம் கழித்தும் எனக்குத் தெரிந்த கடல் பாம்பு அறிவியலில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

எந்தப் பாம்பு?

நம் கடலில் கடல் பாம்பு இனங்கள் பல. மஞ்சள் வயிறு கொண்டது, உடல் முழுக்க வளையம் போட்டது, தலை சிறுத்துக் கழுத்து மெலிந்தது என்று விதவிதமாக வரும். எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே பெயர் சொல்லிப் பிரிக்க முயல வேண்டாம். ஒன்றை மட்டும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்: கொக்கிமூக்குக் கடல் பாம்பு. அறிவியல் பெயர் ஹைட்ரோஃபிஸ் ஸ்கிஸ்டோசஸ். பழைய புத்தகங்களிலும் மருத்துவக் கட்டுரைகளிலும் என்ஹைட்ரினா ஸ்கிஸ்டோசா என்று இருக்கும். தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'வலக்கடின்' கடல் பாம்பு என்றும் ஒரு பெயர் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் இருந்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல் இருநூறு வருடங்களுக்கு முன் இந்தியப் பாம்புகளைப் பற்றி எழுதிய நூலில் பதிவு செய்த உள்ளூர்ப் பெயர் அது. வலையைக் கடிப்பதால் 'வலைக்கடியன்' என்று சொல்லி, அதை அவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டாரோ என்று எனக்கு ஒரு நப்பாசை. இப்போது துறையில் கேட்டால் பெரும்பாலும் வெறும் 'கடப்பாம்பு'தான்.

ஏன் இந்த ஒன்றை முதலில்? கடல் பாம்புக் கடிகளில் பாதிக்கு மேல் இதன் கணக்கு என்று நூல்கள் சொல்கின்றன. இது ஆழ்கடலுக்கு ஓடுகிற பாம்பும் இல்லை. சேறடித்த, ஆழம் குறைந்த கரையோரம், கழிமுகம், ஆற்று வாய் இவைதான் இதன் இருப்பிடம். பாரசீக வளைகுடாவிலிருந்து பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, வங்கதேசம், மலேசியா, வியட்நாம் வரை இப்படிப்பட்ட சேற்றுக் கரைகளை ஒட்டியே வாழ்கிறது. நாம் மடி, அதாவது இழுவலை, இழுக்கிற இடமும் அதுதான். மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் இருபது வருடங்களுக்கு முன் வலையில் அதிகம் வந்தது வேறொரு இனம். பிற்பாடு எண்ணிப் பார்த்தபோது இது முந்திக்கொண்டிருந்தது.

அடையாளம் பார்க்கத் தூரத்திலிருந்தே முடியும். வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருந்தால் அது கடல் பாம்பு. இந்த ஒரு விதி போதும். விலாங்கு, அஞ்சாளை இரண்டும் மீன்கள். வழுவழுப்பாக இருக்கும், செவுள் திறப்பு தெரியும், செதில் கண்ணுக்குப் படாது. ஆற்று வாயில் வருகிற தண்ணீர்ப் பாம்புகளுக்கு வால் கூராக முடியும். சந்தேகமாக இருந்தால் கடல் பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள், நட்டமில்லை.

கொக்கிமூக்கனுக்கு மேலே அழுக்குச் சாம்பல், பக்கமும் அடியும் வெளுப்பு. குட்டிகளுக்குக் கறுப்புப் பட்டைகள் நடுமுதுகில் அகலமாகவும் பக்கவாட்டில் குறுகியும் இருக்கும். வளர வளர மங்கிவிடும். பெரியது ஒரு மீட்டருக்கு மேல் போகும். பெண் பாம்பு 1.4 மீட்டர் வரை. செத்த பாம்பு ஒன்றைக் குச்சியால் புரட்டி முகத்தை நேராகப் பார்த்தால் பெயர்க்காரணம் விளங்கும். மேல் மூக்குச் செதில் கிளி அலகு போலக் கீழே வளைந்து வாய்க்கு முன்னால் தொங்கும். கீழ்த்தாடை நுனியில், மற்ற பாம்புகளுக்கு அகலமான செதில் இருக்கிற இடத்தில், இதற்கு ஊசி மாதிரி மெல்லிய செதில் ஒன்று பள்ளத்துக்குள் புதைந்திருக்கும். தாடையின் இரு பக்கமும் தாராளமாக விரிய அது வழிவிடுகிறது. விரிய வேண்டிய தேவையும் இருக்கிறது, ஏனென்றால் இது தின்பது கெளுத்தி. மூன்று முள்ளை விறைத்துக்கொண்டு நிற்கிற மீனை அப்படியே விழுங்க வேண்டும். சில சமயம் விழுங்கிய கெளுத்தியின் முள் பாம்பின் விலாவைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும். இன்னொரு தீனி பேத்தை மீன்.

'கடல் பாம்புக்கு வாய் சின்னது, விரல் இடுக்கில்தான் கடிக்க முடியும்' என்று யாராவது சொன்னால் இந்தக் கெளுத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கை, கால், முழங்கை எங்கே வேண்டுமானாலும் அதால் கடிக்க முடியும்.

ஒரு கிளைச் செய்தி. ஆஸ்திரேலியா, நியூகினி கடலிலும் இதே முகம், இதே அலகு, இதே கெளுத்திப் பசியோடு ஒரு பாம்பு உண்டு. இரண்டும் ஒன்று என்றுதான் நெடுநாள் எழுதி வைத்திருந்தார்கள். 2013-இல் மரபணுவைப் பார்த்தபோது அது நெருங்கிய சொந்தமே இல்லை என்று தெரிந்தது. ஒரே மாதிரியான வேலை இரண்டையும் ஒரே முகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

படகேறும் முன்

முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ். தடித்த ரப்பர் கையுறை, இரண்டு ஜோடி. ஒன்று எப்படியும் காணாமல் போகும். இந்தப் பாம்பின் நச்சுப்பல் சில மில்லிமீட்டர்தான், முன்தாடையில் அசையாமல் நிற்பது. தடித்த ரப்பரைத் தாண்டுவது அதற்குக் கஷ்டம். மெல்லிய துணிக் கையுறையால் பயனில்லை. செருப்போடு தளத்தில் நிற்காதீர்கள். வெறுங்காலோடு நிற்பது அதைவிட மோசம். இதைச் சொன்னால் படகில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நுனி வளைந்த இரும்புக் கம்பி ஒன்று, கைப்பிடியோடு ஒரு மீட்டர் நீளம். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் அல்லது உயரமான வாளி. தலையில் மாட்டுகிற டார்ச். மடி பெரும்பாலும் இருட்டில்தான் மேலே வரும், தளத்து விளக்கின் நிழல் குவியலின் ஒரு பக்கத்தை மறைக்கும். அகலமான கிரேப் பேண்டேஜ் இரண்டு, நேரான பலகைத் துண்டு ஒன்று. அப்புறம் ஒரு பேனா. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எண்களை முன்கூட்டியே போனில் ஏற்றி வையுங்கள். கடலில் ஆபத்துக்குக் கடலோரக் காவல்படை 1554. படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனல். கரைக்கு வந்ததும் 108. இலங்கையில் இருப்பவர்களுக்கு ஆம்புலன்ஸ் எண் 1990.

மடி அவிழ்ந்ததும்

வலையை இழுக்கிற விஞ்சு சுற்றி, மடி தளத்துக்கு மேலே தொங்கி, கயிற்றை இழுத்ததும் எல்லாம் தொபுக்கென்று கொட்டும். புதியவர்களுக்கு அந்த நொடியில் ஒரு பரபரப்பு வரும். எல்லோரும் குனிகிறார்களே, நாமும் குனிய வேண்டும் என்று தோன்றும். குனியாதீர்கள். இரண்டடி பின்னால் நில்லுங்கள். பலகையாலோ தள்ளுகோலாலோ குவியலை மெல்லியதாகப் பரப்பிய பிறகுதான் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகும், பார்க்க முடிகிற மீனை மட்டும் எடுங்கள். அடியில் துழாவி எடுப்பதுதான் கடி வாங்குகிற வழி.

எந்த இழுப்பில் கூடுதல் கவனம்? கெளுத்தி அதிகமாக வந்த இழுப்பில். பெரியவர் சொன்னது அறிவியலும் சொல்வதுதான். சேறு கலங்கி வந்த மடி, ஆற்று வாய்க்கு அருகே இழுத்த மடி இவற்றிலும்.

பாம்பு பெரும்பாலும் களைத்துப்போய்த்தான் வரும். அதற்கு நுரையீரல், மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். மடிக்குள் ஒன்றிரண்டு மணி நேரம் அடைபட்டால் மீன் குவியலில் நசுங்கி, மூச்சு முட்டிச் செத்தும் போகும். அடிவயிற்றுச் செதில்கள் தரைப் பாம்புக்கு இருப்பதைப் போல அகலமாக இல்லை, அதனால் தளத்தில் ஊர முடியாமல் ஒரே இடத்தில் புரளும். இதைப் பார்த்துத்தான் 'பாவம், ஒன்றும் செய்யாது' என்று தோன்றுகிறது. ஊரத்தான் முடியாது, தலையைத் திருப்ப முடியும். கடல் பாம்புகளில் பல இனங்கள் சாதுவானவை என்று சொல்வார்கள். இந்த இனத்தை அந்தப் பட்டியலில் சேர்க்க நான் தயாரில்லை. செத்தது என்று நினைப்பதன் தலைப்பக்கமும் கையை வைக்காதீர்கள். செத்துக் கொஞ்ச நேரம் வரை பாம்பின் தாடை தானாகக் கவ்வும்.

பாம்பைத் திருப்பி அனுப்புவது

கண்டவுடன் சத்தமாகச் சொல்லுங்கள். "பாம்பு" என்ற ஒரு சொல் போதும். எல்லோருடைய கையும் குவியலிலிருந்து வெளியே வரும்.

கம்பியின் வளைவை உடலின் நடுவில் கொடுத்துத் தூக்கி டிரம்முக்குள் விடலாம், அல்லது கூடையைச் சாய்த்து வைத்து உள்ளே தள்ளலாம். பழகியவர்கள் வாலைப் பிடித்து ஒரே சுழற்றில் கடலில் வீசுவார்கள். பார்க்க லேசாக இருக்கும். அவர்கள் இருபது வருடமாக அதைச் செய்கிறார்கள், நீங்கள் செய்யவில்லை. ஈரத் தளம், ஆடுகிற படகு, வழுக்குகிற கை, ஓங்கி வீசினால் பக்கத்தில் நிற்பவர் மேல் விழும்.

துள்ளுகிற பாம்பை உடனே விட்டுவிடலாம். படகின் காற்றாடியும் (புரொப்பெல்லர்) வலையும் இல்லாத பக்கமாக, தண்ணீருக்கு முடிந்தவரை அருகே டிரம்மைச் சாய்த்து விடுங்கள். அசைவில்லாமல் கிடந்தால் தண்ணீர் ஊற்றாத டிரம்மில், நிழலில், ஈரச் சாக்கை மேலே போட்டுக் கொஞ்ச நேரம் வையுங்கள். மூச்சு முட்டியது தெளிந்து அசையத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். கடல் பாம்பு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. தோலுக்கோ வேறு எதற்கோ எடுத்து வைக்கக் கூடாது. அது போக, இது முட்டையிடும் பாம்பு இல்லை. கடலிலேயே குட்டி போடுகிறது. வயிறு பெருத்த பெண் பாம்பு ஒன்றைத் திருப்பி விட்டால் பல குட்டிகளையும் சேர்த்து விட்டதாகக் கணக்கு.

செவுள் வலையில் சிக்கியது வேறு கதை. கண்ணிக்குள் தலை நுழைந்து, உடம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும். அதைக் கையால் அவிழ்க்கப் போகாதீர்கள். வலையைத் தளத்தில் படியப் போட்டு, தடித்த கோலால் கழுத்துக்குப் பின்னால் ஒருவர் அழுத்திக்கொள்ள, இன்னொருவர் நீளமான கத்தரிக்கோலால் நாலு கண்ணியை வெட்டிவிட வேண்டும். வலையை வெட்டுவதற்கு முதலாளி முகம் சுளிப்பார். நாலு கண்ணி தைக்கப் பத்து நிமிடம். முதல் சில மாதம் இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். தெரிந்தவரைக் கூப்பிட்டுவிட்டு டார்ச் அடியுங்கள்.

குத்தியது எது?

இதுதான் கட்டுரையின் மையம். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மீன் பிரிக்கும்போது கையில் ஏதாவது குத்திக்கொண்டே இருக்கும். நண்டுக் கொடுக்கு, இறால் கொம்பு, கெளுத்தி முள், திருக்கை முள். கெளுத்தி குத்தினால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த நொடியே சுரீர் என்று ஏறும், கை வீங்கும், ஆள் கத்துவார். இருங்கெளுத்தி என்றால் இன்னும் மோசம். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைத்தால் வலி தணியும். கெளுத்திக்கும் திருக்கைக்கும் இது நல்ல முதலுதவி.

கடல் பாம்புக் கடி இதற்கு நேர் எதிர். கடித்த இடத்தில் ஊசி பட்ட மாதிரி ஒரு சின்னக் குத்து, அவ்வளவுதான். சிலருக்கு அதுவும் தெரியாது. வீக்கம் இருக்காது, சிவக்காது, ரத்தம் ஒரு துளி வரலாம் வராமலும் போகலாம். பாம்பும் கெளுத்தியும் ஒரே குவியலில் வருகின்றன. இரண்டில் வலிப்பதை வைத்துப் பயந்து, வலிக்காததை விட்டுவிடுகிறோம். வலை தைக்கிற அதே பெரியவர் பின்னொரு நாள் சொன்னார்: "கெளுத்தி குத்துனா கத்துவ. நீ கத்தலைன்னா தான்டா எனக்குப் பயம்."

ஆகவே, குவியலிலிருந்து கையை எடுக்கும்போது ஏதோ பட்டது, ஆனால் வலி இல்லை என்றால் அப்போதே நிறுத்துங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்றோ இரண்டோ நாலோ நுண்ணிய புள்ளிகள் இருக்கும். அருகே சின்னப் பற்களின் கீறலும் இருக்கலாம். உடைந்த பல் ஒன்று மயிர்முனை போலத் தோலில் நிற்கவும் கூடும். அதன் பிறகு குவியலைப் பலகையால் கலைத்துப் பாம்பு இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், புள்ளி தெரியாவிட்டாலும் கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு, அது உடம்பைப் பற்றியது இல்லை. புதிதாக ஏறியவருக்குச் சொல்லத் தயக்கம். ஒரு சின்னக் குத்துக்காகப் படகைத் திருப்பினால் டீசல் நட்டம், ஐஸ் நட்டம், எல்லோருடைய பங்கும் போகும். நாளைக்கு 'பயந்தாங்கொள்ளி' என்று பேர் வரும். வலியே இல்லையே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் படுத்தார். விடியற்காலையில் எழுப்பியபோது வாயைத் திறக்க முடியவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார், பல நாள் மருத்துவமனையில் கிடந்து, எழுந்து நடக்க மாதக்கணக்கானது. படகின் டிரைவர் பிறகு சொன்னது இதுதான்: "அண்ணேன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா அப்பவே திருப்பியிருப்பேன்." முதல் நாள் ஏறும்போதே டிரைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "அண்ணே, பாம்பு கடிச்சா திரும்புவீங்களா?" திரும்ப மாட்டேன் என்கிற படகில் ஏறாதீர்கள்.

கடித்துவிட்டால்

பதற்றத்தைக் குறைக்க ஒரு நல்ல சேதி முதலில். கடல் பாம்புக் கடிகளில் பெரும்பாலானவற்றில் நஞ்சு இறங்குவதில்லை, அல்லது மிகக் கொஞ்சமாகவே இறங்குகிறது. 1950-களிலும் 60-களிலும் பினாங்கில் மீனவர்களுக்கு வைத்தியம் பார்த்த எச். ஏ. ரீட் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். 'கடப்பாம்பு கடித்தால் ஏறாது', 'எங்க தாத்தா வேரைக் கட்டினார், சரியாப் போச்சு' என்கிற கதைகளெல்லாம் இங்கிருந்துதான் பிறக்கின்றன. வேரைக் கட்டாமல் இருந்தாலும் சரியாகியிருக்கும். ஆனால் நஞ்சு இறங்கிய கடி எது, இறங்காத கடி எது என்று முதல் ஒரு மணி நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு பாம்பிடம் எட்டு, ஒன்பது மில்லிகிராம் நஞ்சு இருக்கும் என்பதும், ஓர் ஆளுக்கு ஒன்றரை மில்லிகிராம் போதும் என்பதும் நூல்களின் மதிப்பீடு.

வரிசையாகச் செய்ய வேண்டியது இது. கடிபட்டவரைப் படுக்க வையுங்கள். மோதிரம், கயிறு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேனாவை எடுத்து, கடித்த நேரத்தை அவர் கையிலேயே எழுதுங்கள். இருட்டில், அவசரத்தில், எல்லோருக்கும் நேரம் மறந்துபோகும். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான். கடிபட்ட கையையோ காலையோ பலகைத் துண்டோடு வைத்துக் கட்டி அசையாமல் செய்யுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றத் தெரிந்தவர் இருந்தால், விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி, சுளுக்குக்குச் சுற்றுகிற இறுக்கத்தில் முழுக் கையையும் சுற்றலாம். ஆஸ்திரேலியாவில் கடல் பாம்புக் கடிக்கு இதுதான் முதலுதவி. விரல் வெளுத்தாலோ மரத்தாலோ அது அதிகம், தளர்த்துங்கள். தெரிந்தவர் இல்லையென்றால் அசையாமல் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது, சாராயம் கொடுப்பது எதுவும் வேண்டாம். வெந்நீரும் வேண்டாம், அது கெளுத்திக்கு.

அப்புறம் படகைத் திருப்புங்கள். வலை கடலில் இருந்தால் மிதவை கட்டி விட்டுவிட்டுத் திரும்புங்கள். கரைக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்றால் 1554-க்குச் சொல்லுங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. போனில் ஒரு படம், முடிந்தால் தலையும் வாலும் தெரிகிற மாதிரி, தள்ளி நின்று எடுத்தது போதும்.

வழியில் என்ன பார்ப்பது? அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் தலைவலி, வாந்தி, வியர்வை, நாக்கு தடித்த மாதிரி ஓர் உணர்வு, தாகம். அதன் பின் உடம்பெல்லாம் வலி: கழுத்து, தோள், தொடை, இடுப்பு. மூட்டை தூக்கிய மறுநாள் வலிக்குமே, அந்த மாதிரித் தொடங்கி, தொட்டாலே தாங்காத அளவுக்குப் போகும். தாடை இறுகும். இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, மூச்சு குறையும். நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். எச்சிலை விழுங்க முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதுதான், கரை வரும் வரை. உடம்பு அசையாவிட்டாலும் அவருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் இருந்து பேசுங்கள், அபசகுனமாக எதையும் பேசாதீர்கள்.

மறந்துபோகிற ஒன்று சிறுநீர். இந்த நஞ்சு தசையைச் சிதைக்கிறது. சிதைந்த தசையின் நிறப்பொருள் சிறுநீரில் இறங்கும். கடித்த மூன்று மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறலாம். ரீட் இதைத்தான் கடல் பாம்புக் கடியின் முக்கிய அடையாளமாக எழுதினார். படகில் எல்லோரும் ஓரமாக நின்று கடலில் போய்விடுவதால் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்து, வெள்ளைத் துணிக்கு எதிரே வைத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் அந்த பாட்டிலையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மருத்துவமனையில்

எந்த மருத்துவமனை என்பதைப் படகு கரைக்கு வரும் முன்பே முடிவு செய்யுங்கள். செயற்கைச் சுவாசக் கருவியும் டயாலிசிஸ் வசதியும் இருக்கிற இடம் வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ சரி. 108 வண்டியில் ஏறும்போதே "கடல் பாம்பு" என்று சொல்லுங்கள். வெறுமனே "பாம்பு கடிச்சிருச்சு" என்றால் எல்லோர் மனதிலும் நாகமும் விரியனும்தான் வரும்.

இது ஏன் முக்கியம் என்றால், இந்தியாவில் கிடைக்கிற பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு தரைப் பாம்புகளுக்காகச் செய்தது. கடல் பாம்பு நஞ்சுக்கு அது வேலை செய்யாது. கடல் பாம்புக்கான மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது, அதையும் இதே கொக்கிமூக்கனின் நஞ்சைக் குதிரைக்குக் கொடுத்துத்தான் எடுக்கிறார்கள். நம் ஊர் மருத்துவமனையில் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால் கைவிரித்துவிட வேண்டியதில்லை. மூச்சு நின்றால் கருவி மூச்சு கொடுக்கும். சிறுநீரகத்தைக் காப்பாற்றச் சரியான நேரத்தில் ஊசி வழியே திரவம் ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். சிதைந்த தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கிற பொட்டாசியம் இதயத்தைத் தாக்காமல் கண்காணிப்பார்கள். நஞ்சின் வேகம் தன் பாட்டுக்குத் தணியும் வரை உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம், அது பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

தரைப் பாம்புக் கடிக்குச் செய்கிற 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை இங்கே சரியாகவே வரும், ஏனென்றால் இந்த நஞ்சு ரத்தத்தைக் கெடுப்பதில்லை. கடித்த இடத்திலும் வீக்கம் இருக்காது. இவை இரண்டையும் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று யாராவது சொன்னால் பணிவாக, ஆனால் விடாமல் மூன்றைச் சொல்லுங்கள்: கடித்த நேரம், பாம்பின் படம், சிறுநீரின் நிறம். எட்டு மணி நேரம் வரை தசைவலியோ இமைத் தொய்வோ கறுத்த சிறுநீரோ இல்லையென்றால் நஞ்சு இறங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த எட்டு மணி நேரத்தை மருத்துவமனைக் கட்டிலில் கழியுங்கள், திண்ணையில் வேண்டாம்.

கரையில் கிடந்தால்

படகே ஏறாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. புயலுக்கும் பெருங்காற்றுக்கும் பிறகு, அல்லது கரைவலை இழுத்த இடத்தில், மணலில் கடல் பாம்பு கிடப்பதுண்டு. வெயில் காய வந்ததில்லை. அடிபட்டோ களைத்தோ ஒதுங்கியது. பிள்ளைகள் வாலைப் பிடித்துத் தூக்குவார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுப்பார்கள். தள்ளி நில்லுங்கள். நீளமான கோலும் பழகிய மீனவரும் இருந்தால் அலைக்குள் தள்ளிவிடச் சொல்லலாம், இல்லையென்றால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு நாய் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலங்கல் தண்ணீரில், முழங்கால் ஆழத்தில் நடந்து வலை போடுகிறவர்கள் மட்டும் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் சேற்றில் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மேலே மிதிபட்டால் பாம்பு கடிக்கும், பக்கத்தில் சேறு அசைந்தால் விலகிப் போகும். திருக்கைக்கும் அதே நடைதான்.